அரைப்பேர் பாட்டு

லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் பாதையில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். கரட் கிழங்கு கழுவும்போது போடத் தந்த ரப்பர் பூட்ஸ் அப்படியே காலில் இருந்தது. அது தோட்ட முதலாளியுடையது. என் செருப்பு அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரலாம். ஆனால் "இப்பப் போனா திரும்பி வராத" என்று சொன்னவர் முன்னால் அரை மணித்தியாலத்துக்குள் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. செருப்பை அவருக்கே விட்டுவிட்டு நடந்தேன்.

அது மரக்கறித் தோட்டம்தான், தேயிலை இல்லை. ஆனாலும் முதலாளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பேச்சு மாறவில்லை. "பன்னெண்டு மணிக்குப் போறியா? அப்ப அரைப்பேருதான்" என்றார். தேயிலையில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கப்பிள்ளை பதிவதற்குப் பேர் என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முழு ஆளாகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர் பின்னேரம் அரை ஆளாக வீட்டுக்கு வருவார்.

நான் வேலையை விட்டுப் போனதும் ஓர் அரைப்பேரைத் தேடித்தான்.

ஹட்டனைச் சேர்ந்த ஒரு தம்பி கிட்டாரோடு பாடிப் போனில் போடுகிற பாட்டுகளை இரண்டு வருடமாகக் கேட்டுவந்தேன். அவருக்குச் சினிமாவும் கிடையாது, பாட்டுக் கம்பனியும் கிடையாது. அவருடைய அறையில் ஓடும் மின்விசிறிகூடப் பாட்டில் கேட்கும். அவர் பாட்டுகளில் எனக்கு உயிர், "அரைப்பேருதான் எனக்கு, மீதிப் பேரு வீட்டில் இருக்கு" என்ற பாட்டு. அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய், மாதக்கணக்காக அரைப்பேர் விழுந்த காலத்தில்தான் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு அம்மா எழுந்து வேலைக்குப் போகவில்லை. மீதிப் பேர் வீட்டில் இருக்கிறது என்றால் எனக்கு வேறு அர்த்தம் சொல்லித்தர ஆள் தேவையில்லை. இந்தத் தம்பி நம்ம ஆள், இவர் வீட்டிலும் யாருக்கோ அரைப்பேர் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தேன்.

என்னோடு கரட் கழுவிய அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. இருபது வருடம் கொழுந்து எடுத்தவர் அவர்.

"அவன் கையப் பாருடா. பஞ்சு மாதிரி இருக்கு. அது அரைப்பேரு பாத்த வீட்டுக் கையா?"

"கையில என்னக்கா இருக்கு? பாட்டக் கேளுங்க."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளு டவுன் ஆளு."

இந்தச் சண்டை கரட் சீசன் முழுக்க ஓடியது. அன்று, சனிக்கிழமை, மூன்று மணிக்கு ஹட்டனில் ஒரு ரெக்கோட் பாரில் அவர் நேரிலேயே பாடப் போகிறார் என்று போனில் பார்த்ததும், "நானே போய்க் கேட்டுட்டு வாறேன்" என்று கையைத் துடைத்தேன். அக்கா சிரித்தார். "கேட்டுட்டு உள்ளத உள்ளபடி வந்து சொல்லணும்" என்றார்.

தலவாக்கலையில் பஸ் பிடித்தேன். ஹட்டனில் மழை. ரெக்கோட் பார் என்றால் குடிக்கிற இடமில்லை. முன்பு கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடை. இப்போது பழைய பங்களாக்களில் ஒதுக்கிப் போட்ட இசைத்தட்டுகளை வாங்கி வந்து, ரயிலில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறார்கள். எனக்கு முன்னால் நனைந்து வந்த ஒருவர் நேரே உள்ளே போய்க் கால் போத்தல் கேட்டார். கடைக்கார அம்மா அலுக்காமல் எதிர்ப் பக்கத்தைக் கைகாட்டினார். தினமும் நடக்கிறது போல.

என்னிடம், "பேர் குடுத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. பேர் குடுக்கணும்னு தெரியாது."

"இருவது பேருக்குத்தான் எடம். எல்லாம் முடிஞ்சிருச்சு." பிறகு என் பூட்ஸைப் பார்த்தார். லிந்துலை மண் அதில் இன்னும் ஈரமாக இருந்தது. "இதோட உள்ள வேற வரணுமா?"

நான் போகவில்லை. ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் மற்றக் காலை மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்திலும் வைத்து நின்றேன். அவர் என் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, "சரி, அப்படியே நில்லுங்க. ஒங்களுக்கு அரைப்பேரு" என்றார். அந்த அம்மாவும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துபோனது.

தம்பி அலமாரிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். போனில் கிட்டாரும் கையும் மட்டும்தான் தெரியும்; ஆள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். கைகள் அக்கா சொன்ன மாதிரியேதான் இருந்தன. தகரக் கூரையில் மழை கொட்டியதால் முதல் இரண்டு பாட்டும் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. மூன்றாவதாக என் பாட்டு. அதற்குள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. என் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது, வலது தோள் காய்ந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் தனக்கே பாடுகிற மாதிரி பாடினார். இரண்டு வருடம் போனில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. அக்கா தோற்றார் என்று நினைத்தேன்.

முடிந்ததும், "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

நான் வாசலிலிருந்து சத்தமாகக் கேட்டேன்: "தம்பி, ஒங்க வீட்டுல எந்தத் தோட்டத்துல அரைப்பேரு போட்டாங்க?"

அவர் முழித்தார். "போட்டாங்களா? அது நானே போட்டதுண்ணே."

இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எங்கப்பா டீச்சர்ணே. நான் பேங்க் சோதினைக்குப் படிக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்காரு. பாட்டுக்குக் கீழ அவரு பேரும் சேர்ந்து வந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிரும். அதுதான் என் பேர மட்டும் போட்டு அப்பா பேர வீட்டுலயே விட்டுட்டேன். அரைப்பேரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. அம்மாவின் இடுப்பு வலியை இரண்டு வருடமாக ஒரு டீச்சர் மகனின் பேங்க் சோதனைக்குள் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறேன்.

"நீங்க எதைச் சொன்னீங்கண்ணே?" என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். பெரட்டு, நிறை, கணக்கப்பிள்ளை, அம்மா, எல்லாவற்றையும் வாசலில் நின்றே சுருக்கமாகச் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது.

"அதுக்குத்தான் அந்தப் பாட்டுக்குக் கீழ எல்லாரும் அழுது எழுதினாங்களா? நான் எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டுக்கிட்டு இருந்தேனே!"

"ஹார்ட் போட்டது நல்லதுதான் தம்பி" என்றேன்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்காக அதே பாட்டை இன்னொரு தடவை பாடினார். இந்தத் தடவை கண்ணைத் திறந்து, என்னையே பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, செத்த வீட்டில் பாடுகிற மாதிரி பாடினார். பாட்டு கெட்டுப்போனது. முடிந்ததும் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, கிட்டப் போய்ச் சொன்னேன்: "தம்பி, மொத தடவை பாடுனதுதான் சரி. அப்பாவுக்குப் பயந்தே பாடுங்க. எங்க அம்மாவுக்கு அதுவே போதும்."

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஞ்சுதான். ஆனால் இடக்கை விரல் நுனிகள் நான்கும் கம்பி அழுத்திக் காய்த்துப் போயிருந்தன. அக்காவிடம் சொல்ல இது ஒன்றாவது மிஞ்சியது.

கடைக்கார அம்மா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கினேன். "எங்க வேலை?" என்று கேட்டார். "மத்தியானம் வரைக்கும் கரட் கழுவுனேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கொத்மலைப் பக்கம் ஒரு பங்களாவுல இருந்து நாலு பொட்டி தட்டு வந்திருக்கு. எல்லாம் பூஞ்சணம். காலையில எட்டு மணிக்கு வாங்க. பூட்ஸக் கழுவிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை கடைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து இசைத்தட்டு கழுவினேன். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, நடுவிலுள்ள கடதாசி நனையக் கூடாது. தண்ணீர் லிந்துலைத் தண்ணீரைப் போலவே விரலைக் கடித்தது. ஆறாவது தட்டில் போன் அடித்தது. அக்கா.

"ஐயா பூட்ஸக் கேக்குறாரு. எங்கடா இருக்க?"

"ஹட்டன்லக்கா. கழுவுற வேலைதான். பூட்ஸ பஸ்ல குடுத்து அனுப்புறேன், என் செருப்ப எடுத்து வைங்க."

"அது கெடக்கட்டும். கேட்டியா? அந்தப் பையனுக்கு அரைப்பேரு போட்டாங்களாமா?"

"போட்டிருக்குக்கா. மெய்தான்."

"யாருடா போட்டது?"

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா" என்று சொல்லிவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து, தட்டைத் திருப்பி மறுபக்கத்தைக் கழுவத் தொடங்கினேன்.