பெத்தல் லேனின் மஞ்சள் பெட்டி

எனிட் ஹோல்ராய்ட் ஓவர்கிளஃப் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஸ் ஓட்டியவர். பெண்ணை நம்பி இந்த மலைச்சரிவில் எப்படி ஏறுவது என்று கேட்ட பயணியை, "அப்ப நடந்து போங்க, காத்து நல்லா இருக்கு" என்று மழையில் நிறுத்திவிட்டுப் போனவர். டிப்போவில் விளக்கம் கேட்டார்கள். "அவருதானே ஏற மாட்டேன்னாரு?" என்றார். கோபக்காரர்தான். ஆனால் காரணமில்லாமல் அவர் கோபப்பட்டு, எதிர்வீட்டுக்காரனான நான் பார்த்ததில்லை.

அவர் கணவர் வில்ஃபுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ். மருத்துவமனைக் காரை நதீம் ஓட்டிவருவான். சாதாரணமாகக் கார் வாசல்வரை ஏறும். உறைபனி விழுந்தால் ஏறாது. பெத்தல் லேன் அவ்வளவு செங்குத்து. அப்போது எனிட்தான் வில்ஃபைச் சக்கர நாற்காலியில் வைத்து, நடைபாதை வழியாக மெயின் ரோடுவரை இறக்க வேண்டும்.

எங்கள் நகரக் கவுன்சிலின் லாரி, உறைபனி உருகுவதற்காக, பஸ் போகும் சாலைகளில் மட்டும்தான் உப்புத் தூவும். எங்கள் லேனில் பஸ் இல்லை, அதனால் உப்பும் இல்லை. அதற்குப் பதிலாக லேனின் மேல்முனையில் ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருந்தார்கள். குளிர்காலத்துக்கு முன்னால் அதில் பழுப்பு உப்பை நிரப்பிவிட்டுப் போவார்கள். குடியிருப்போரே அள்ளித் தூவிக்கொள்ள வேண்டும். பொது நடைபாதைக்கு மட்டும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. தன் வாசலுக்கு வெளியே நடைபாதையில் பனியை அகற்றிவிட்டால், பிறகு அங்கே யார் விழுந்தாலும் தன்மேல் வழக்கு வருமாம். தொடாமல் விட்டால் அது வானத்திலிருந்து விழுந்த பனி. தொட்டுவிட்டால் நம் பொறுப்பு. அப்படி வழக்கில் மாட்டிய ஒருவரைக் காட்டு என்றால், "பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு..." என்று தொடங்குவார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் எங்கள் ஊரைச் சொல்வார்கள். இந்த முட்டாள்தனத்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் யாருக்காவது கை கால் முறிந்தது. எனிட் ஒருவர்தான் மண்வெட்டியோடு லேன் முழுவதும் தூவிக்கொண்டிருந்தார்.

சென்ற ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பனி கண்ணாடியாக உறைந்து, எனிட்டாலேயே பெட்டிவரை ஏற முடியாமல், வில்ஃபின் டயாலிசிஸ் தவறிப்போயிற்று. வியாழக்கிழமை அவர் கணுக்கால்கள் வீங்கிவிட்டன. பேசினால் மூச்சு வாங்கியது. எனிட் பெட்டியைத் திறந்தார். ஒரு பழைய சிகரெட் பாக்கெட்டும் ஈர மண்ணும் கிடந்தன. அங்கேயே நின்று கவுன்சிலுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பெட்டி காலியா இருக்கும்மா. உப்பு வேணும்."

"நவம்பர்லயே நிரப்பியாச்சுன்னு இங்க காட்டுதுங்க மேடம். சீசனுக்கு ஒரு தடவைதான்."

"என் வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் பண்றதும் சீசனுக்கு ஒரு தடவைன்னா, நான் ஏம்மா உன்னைக் கூப்பிடப் போறேன்?"

"அவசியம் இல்லாம வெளிய போறதைத் தவிர்க்கலாமே மேடம்."

எனிட் போனை அணைத்துவிட்டார். பாதையைச் சரிசெய்ய முடியாதவர்கள் மனிதர்களை வீட்டுக்குள் உட்காரச் சொல்கிறார்கள்.

திரும்பும்போதுதான் மால்கம் க்ராப்ட்ரீயின் வீட்டைப் பார்த்தார். எனிட் வீட்டுக்கு அடுத்த மூலை வீடு. ஒரு கேட் எங்கள் லேனில், மற்றொன்று மெயின் ரோட்டில். நடுவே வளைந்திறங்கும் கார் பாதை. ஊரே வெள்ளையாகக் கிடக்க, அந்தப் பாதை மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. ஓரமெல்லாம் பழுப்பு உப்பு. சுவரோரம் ஒரு தள்ளுவண்டி நிறைய உப்பு. கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு கல் உப்புகூட இல்லை.

"மால்கம்! வெளிய வாய்யா!"

ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்டான மால்கம் டீக்கோப்பையோடு வந்தார். "காலங்காத்தால என்ன கூச்சல், எனிட்?"

"இது எந்தக் கடையில வாங்குன உப்பு?"

"நானும் வரி கட்றவன்தான்."

"வரி கட்டினா மொத்தத்தையும் அள்ளிக்குவியா? சரி, அள்ளுனதுதான் அள்ளுன, கேட்டுக்கு வெளிய ரெண்டு கை போட என்ன கேடு?"

"போட்டு, எவனாவது விழுந்து, என் மேல கேஸ் போடவா? அந்தத் தொழில்லயே இருந்தவன் நான்."

"விழுந்தா என் வில்ஃப் விழுவாரு. கேஸ் போட அவரு எந்திரிக்கணுமே!"

அப்போது எனிட்டின் போன் அடித்தது. "ஆண்ட்டி, கீழதான் நிக்கிறேன். லேட்டானா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றான் நதீம்.

எனிட் உள்ளே போய், வில்ஃபைப் போர்வையில் சுற்றி நாற்காலியோடு கொண்டுவந்தார். மால்கமின் கேட்டைக் காலால் தள்ளித் திறந்தார்.

"ஏய், ஏய்! இது என் சொந்தப் பாதை!"

"பாதை உன்னுது, உப்பு எங்களுது. நாங்க உப்பு மேல போறோம்."

"மன்னிச்சுக்க மால்கம்," என்றார் வில்ஃப், மூச்சை இழுத்துப் பிடித்து. "டிரைவர் அவதான். நான் வெறும் பயணி."

நான் முன்னால் ஓடி மெயின் ரோட்டுக் கேட்டைத் திறந்துவிட்டேன். அன்று மாலைக்குள் தபால்காரர், குழந்தை வண்டியைத் தள்ளிவந்த ஒரு தாய், நாயோடு போன இருவர் என்று லேனே மால்கமின் பாதையில் நடந்தது.

மால்கம் கவுன்சிலுக்குப் புகார் செய்தார். அதற்கு மட்டும் மறுநாள் காலையிலேயே வேன் வந்துவிட்டது. உப்பு கொண்டுவரவில்லை. இருவர் இறங்கி மஞ்சள் பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். "தகராறு வர்ற பெட்டியை எடுத்துடச் சொல்லிட்டாங்க," என்றார் ஒருவர். அவரைத் திட்டிப் பயனில்லை என்று தெரிந்தும் திட்டினேன்.

சனிக்கிழமை மால்கமின் கேட்டில் பூட்டு. எனிட் வில்ஃபை அந்தப் பூட்டுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டார். நாங்கள் சிலர் பின்னால் நின்றோம்.

"பூட்டைத் தொறக்கிறியா, நடைபாதையில உப்பைப் போடுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மால்கம் எங்கள் எல்லோரையும் பார்த்தார்; வில்ஃபின் வீங்கிய கால்களையும் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து தள்ளுவண்டியை வெளியே உருட்டிவந்து, நடைபாதையில் உப்பை வாரி வீசத் தொடங்கினார். "நான் போடலை! எல்லாரும் பாத்துக்குங்க, இது கவுன்சில் உப்பு, நான் போடலை!" என்று கத்திக்கொண்டே மெயின் ரோடுவரை போட்டுக்கொண்டு போனார்.

"யாரும் கேக்கல. கையை நிறுத்தாத," என்றபடி எனிட் நாற்காலியை அவர் பின்னாலேயே இறக்கினார். கீழே நதீம் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

எனிட் மால்கமுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.