செக்கிங் ஆபீசருக்கு டீ மட்டும்தான்

"எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

காய்ச்சல் என்றால் சொல்லிவிடலாம். நேற்றுச் சாயங்காலம் உடம்பு சுட்டது, ராத்திரி வாந்தி எடுத்தாள் என்று. என் மகள் மாரீஸ்வரிக்கு வந்தது எந்த நாளில் வந்தது? பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினாளே, அன்றைக்கா? நாங்களே வாசலில் செம்புத் தகடு அடித்துக் கொடுத்தோமே, அன்றைக்கா? இல்லை, அதற்கும் முன்னால், அவள் அப்பா வேலையைப் பற்றி நான் யாரிடமோ பயந்து பேசியதை அவள் காதில் வாங்கிய ஏதோ ஒரு நாளிலா?

இதே கேள்வியோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்தேன் என்று சொல்ல வரவில்லை. தப்பாகச் செய்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

நாங்கள் சாத்தூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து (பட்டாசுக்குள் அடைக்கும் வெடிப்பொடி) இருக்கும் ஷெட்டுக்குள் போகும் யாரும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் தகடு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும்.

மாரீஸ் நான்காம் வகுப்பு படிக்கும்போது இதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் அப்படியே பேசி, ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கி வந்தாள். மறுநாள் வீட்டுக்குள் வரும்போது கதவின் பித்தளைத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்தாள். எனக்கு எவ்வளவு பெருமை! எதிர் வீடு வரைக்கும் போய்ச் சொன்னேன்.

பிறகு இரண்டு கையாலும் தொட்டாள். பிறகு மூன்று தடவை. நடுவில் யாராவது மேலே உரசிவிட்டால் முதலிலிருந்து. தாழ்ப்பாள் எட்டாமல் நுனிக்காலில் நிற்கிறாளே என்று, அவள் உயரத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்துத் தரச் சொன்னேன். அவரும் அடித்தார். வகுப்பறைக் கதவில் உலோகமே இல்லை என்று அழுதபோது, பென்சில் பெட்டியில் ஒரு துண்டுத் தகடு வைத்து அனுப்பினேன். டீச்சரிடம் சொல்லி அனுமதியும் வாங்கினேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எழுத்துக்கு முன்னால் ஜாக்கிரதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஜாக்கிரதை அதிகமானால் அது நோயாகும் என்று யார் நினைப்பார்கள்? நான் நினைக்கவில்லை. அந்த நோய்க்கு ஆணியடித்து இடம் கொடுத்தது நான்தான்.

காலையில் அவள் அப்பாவும் மூன்று தடவை தொட்டுவிட்டுத்தான் வேன் ஏற வேண்டும் என்று ஆயிற்று. வேன்காரர் ஹாரன் அடிப்பார். இவர் ஏறியவர் இறங்கி வருவார். "புள்ள ஆசைக்குத் தொட்டா என்ன குறைஞ்சா போயிருவேன்" என்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டது. எப்போது கேட்டாலும் எங்கள் தெருவில் எல்லோரும் வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். நான் ஓடிப்போய்க் கடையில் இருந்த காயின் போனில் ஆலைக்குப் பேசினேன். இவருடைய ஆலை இல்லை. வேறு எங்கோ, ஆளில்லாத ஒரு ஷெட். திரும்பி வந்தபோது மாரீஸ் தகட்டில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கை சிவந்திருந்தது.

"காலையில அப்பா ரெண்டு தடவதாம்மா தொட்டாக. வேன் வந்துருச்சுன்னு நானும் விட்டுட்டேன். என்னாலதாம்மா."

ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பாவின் உயிரைத் தினமும் தன் கையில் தூக்கிச் சுமந்திருக்கிறாள். நான் அதைப் பக்கத்து வீடுகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதினி (என் வீட்டுக்காரரின் அக்கா) அடுத்த வீட்டில் இருக்கிறார். "பயந்த கோளாறு புள்ள இது. இருக்கன்குடிக்குப் போயி மாவிளக்கு எடுத்தா சரியாப் போகும்" என்றார். போனோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். கோயில் வாசலில் மாரீஸ் நின்றுவிட்டாள். இரும்புக் கதவைத் தொடுவாள், யாராவது உரசுவார்கள், மறுபடி தொடுவாள். அரை மணி நேரம் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. மதினி தன் முந்தானையால் அவளைச் சுற்றி மறைத்து, ஒருத்தரும் உரசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே கும்பிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் என்னைக் குத்திப் பேசிக்கொண்டு வந்தவர், பஸ்ஸில் திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செல்வி, அம்மனையும் கும்பிட்டாச்சு. இனி டாக்டரப் பாரு. நானும் வாரேன்."

மதுரையில் டாக்டர் ஓ.சி.டி. என்று பெயர் சொன்னார் (வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்). இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பேச்சுவழி சிகிச்சையில் தொடங்கலாம் என்றார். அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் சிகிச்சை கொடுப்பவர், இந்தப் பக்கம் மாரீஸ். "உனக்கு என்ன பயம்? சொல்லும்மா." அவள் தரையைப் பார்த்தாள். மூன்று வாரம் தரையையே பார்த்தாள். சீட்டில் 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். ஒத்துழைக்காதது அவளா, நாற்காலியா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

அந்த டாக்டரே விருதுநகர் முகவரி ஒன்று கொடுத்தார். குழந்தைகளைப் பார்க்கும் ஆலோசகர், இளம் பெண். மாடியில் அறை. கீழே மிளகாய் வற்றல் கமிஷன் கடை. படி ஏறுவதற்குள் மிளகாய் நெடியில் நானும் மாரீஸும் மாறி மாறித் தும்மினோம்.

கதவைத் திறந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எத்தனை?" என்றார்.

"என்ன எத்தனை?" என்றேன்.

"ஒங்களக் கேக்கலக்கா. பாப்பாவக் கேட்டேன். எத்தனை தும்மல்?"

மாரீஸ் யோசித்து, "ஏழு" என்றாள்.

"நேத்து ஒரு பையன் பதினொண்ணு. நீ தோத்துட்ட. அடுத்த வாரம் பாப்போம்."

என் மகள் சிரித்தாள்! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள். வீட்டுக்கு வரும்போது அவருக்குப் பெயரும் வைத்துவிட்டாள். தும்மல் அக்கா.

அடுத்த வாரம் பிள்ளைக்குப் பிடித்த எதையாவது கொண்டு வரச் சொல்லியிருந்தார். சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் என் தம்பி கொடுத்த வேஸ்ட் லேபிள் கட்டு வீட்டில் கிடந்தது. பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டும் லேபிள், கலர் விலகிப் போனவை. மாரீஸ் அவற்றின் பின்பக்கத்தில் படம் வரைவாள். இதையா கொண்டு போவது என்று தயங்கித்தான் எடுத்துப் போனேன். அதைப் பார்த்ததும் தும்மல் அக்கா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தொடு தொடுன்னு ஒருத்தர் ஒன்கிட்ட சொல்றாருல்ல, அவரு ஆளு எப்படி இருப்பாரு? அவருக்கு ஒரு லேபிள் போடுவோமா?"

மாரீஸ் வரைந்தாள். பெரிய மீசை, கண்ணாடி, கக்கத்தில் பை. கீழே எழுதினாள்: 'செக்கிங் ஆபீசர்'. ஆலைக்குச் சோதனைக்கு ஆள் வந்தால் எல்லோரும் பதறுவதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூன்று வாரம் மேஜைமேல் வராதது பத்து நிமிடத்தில் பாயில் வந்துவிட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் என் வீட்டுக்காரரும் லீவு போட்டு எங்களோடு வந்தார். லேபிளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "ஆபீசரு கேக்குறதக் குடுக்காத தாயி. ஒரு தடவ மாமூல் குடுத்துட்டா, மறு வாரமும் வந்து நிப்பாரு. அம்புட்டும் கேப்பாரு."

தும்மல் அக்கா துள்ளி எழுந்தார். "இதத்தான் சார் நான் ஒரு மணி நேரமா சொல்ல வழி தேடிக்கிட்டு இருக்கேன்! அப்பா ஷெட்ல தகட்டத் தொடணும். அது பாதுகாப்பு. வீட்டு வாசல்ல தொடுறது மாமூல்."

"அப்ப அவர வெரட்டணுமா?" என்றாள் மாரீஸ்.

"வெரட்ட வேணாம். வரட்டும். உக்கார வச்சு டீ குடு. மாமூல் மட்டும் குடுக்காத."

அன்றிலிருந்து சிகிச்சை விளையாட்டானது. விளையாட்டு என்று சொல்வதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். பயத்தை விட்டு ஓடாமல் படிப்படியாக அதன் முன்னால் நின்று பழகும் முறை அது. படிகளுக்கு மாரீஸே, சின்ன வெடியிலிருந்து பெரிய வெடி வரை, பட்டாசுப் பெயர் வைத்தாள். குளியலறைக் கதவில் மூன்றுக்குப் பதில் இரண்டு தடவை தொடுவது பொட்டு வெடி. தொடாமல் அடுப்படிக்குள் போவது பிஜிலி. தகட்டுத் துண்டு இல்லாமல் வகுப்புக்குள் போவது குருவி வெடி. அப்பா தொடாமல் வேன் ஏறுவது அணுகுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் வரைந்து சுவரில் ஒட்டினோம்.

தொடாமல் நின்றால் பயம் ஏறும். அது எவ்வளவு என்று பத்து விரலில் காட்ட வேண்டும். ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு... நானும் கூட நின்று பார்ப்பேன். என் வேலை ஒன்றும் சொல்லாமல் இருப்பது. 'ஒண்ணும் ஆகாது கண்ணு' என்றுகூடச் சொல்லக் கூடாது. அதுவும் ஒருவகை மாமூலாம். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இரண்டுக்கு வந்ததும் மாரீஸ் கத்துவாள்: "புஸ்ஸு!" நமுத்துப்போன வெடி மாதிரி.

முதல் பிஜிலிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பத்தாவது பிஜிலிக்கு நான் பால் காய்ச்சி இறக்குவதற்குள் 'புஸ்ஸு' கேட்டது! மதினி தன் வீட்டிலிருந்து கேட்பார்: "ஏ செல்வி, ஒன் மக இன்னைக்கு எத்தன வெடி போட்டா?" தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கொண்டாட்டம் இருந்ததில்லை.

நடுவில் சறுக்கலும் உண்டு. பரீட்சை நேரத்தில் தகட்டுத் துண்டை ஒளித்து எடுத்துப் போனாள். நான் கோபப்பட்டேன், திட்டினேன். தும்மல் அக்கா அவளிடம், "ஆபீசரு பின் வாசல் வழியா வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியை ஏன் என்னால் கேட்க முடியவில்லை என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது மாதம், சீசன் வேலை உச்சத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரீஸ் திருப்புளியோடு வந்து, "அப்பா, ஆணி வரல. ஒரு கை பிடிங்க" என்றாள். இருவருமாகத் தகட்டைப் பெயர்த்தார்கள். வாசல் நிலையில் நான்கு ஓட்டை மிஞ்சியது. மறுநாள் அணுகுண்டு.

வேன் வந்தது. அவர் செருப்பை மாட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தை போல வாசலைத் தாண்டினார். மாரீஸ் பத்து விரலையும் விரித்து நின்றாள். வேன் திரும்பி மறைந்தது. பத்து. பத்து. பத்து. "சார், வாங்க. டீ குடிங்க" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. ஒன்பது. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமும் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். ஏழு. ஐந்து. இரண்டு.

"புஸ்ஸு" என்றாள், ரொம்ப மெதுவாக. பிறகு பையை எடுத்துக்கொண்டு, நேரமாயிற்று என்று என்னை அவசரப்படுத்தினாள்!

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தெருவில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. என் உடம்பில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. தோள்பட்டையை இத்தனை மாதம் தூக்கியே வைத்திருந்திருக்கிறேன் என்பது, அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இங்கே முடித்துவிடலாம். ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் கடைக்குக் கிளம்பினேன். மாரீஸும் வந்தாள். கடையில் காயின் போனில் ஒரு ரூபாய் போட்டேன். ஆலை அலுவலகத்தில் இருப்பவர் என் குரலைக் கேட்டதும், "நல்லாருக்காகம்மா, வைங்க" என்றார். வைத்தேன். அன்றைக்கு வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முந்தின நாளும் கேட்கவில்லை. ஆனாலும் தினமும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அந்த போன். கல்யாணமான நாளிலிருந்து.

மாரீஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, ஆபீசரு ஒன்கிட்டயும் வாராரா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேஸ்ட் லேபிளைத் திருப்பி, ஒரு போன் படம் வரைந்து, சுவரில் தன்னுடையவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கீழே 'அம்மாவின் அணுகுண்டு' என்று எழுதினாள். "மொதல்ல பொட்டு வெடியில இருந்து ஆரம்பிம்மா" என்றும் சொன்னாள்.

மூன்று மணி போனை விட்டுவிட்டேன். பதினொன்றை இன்னும் விட முடியவில்லை. எனக்கு நேரம் என்பது இதுவரை இரண்டு போனுக்கு நடுவே இருந்த இடைவெளிதான். இப்போது மத்தியானம் நீளமாக, காலியாகக் கிடக்கிறது. அதில் என்ன செய்வதென்று தெரியாமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாரீஸின் பயம் ஆபீசருடையது. என் பயத்தில் எவ்வளவு ஆபீசருடையது, எவ்வளவு நிஜத்துடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆலைக்குப் போனவர் வீடு திரும்பும்வரை காத்திருக்கும் பெண்கள் இதைப் படிப்பீர்கள். கடலுக்கோ, லாரிக்கோ அனுப்பிவிட்டு இருப்பவர்களும் இருப்பீர்கள். எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பதினொரு மணியை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள்? அதை விடுவதற்கு முதல் படியாக, என் பொட்டு வெடி எதுவாக இருக்கட்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். சின்னதாக ஒன்று போதும். மாரீஸ் தினமும் கேட்கிறாள். சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.