மச்சான் காரின் சக்கரங்கள்

ஸைஃபுக்கு அஸ்மத் மச்சான்மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவருடைய காரின் சக்கரங்கள்மேல்தான்.

இருவருடையதும் ஒரே மாடல் கார். இரண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாகப் பதுங்கி ஓடும். நிறமும் ஒரே வெள்ளை. உட்லண்ட்ஸ் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசில் முதலில் வாங்கியவன் ஸைஃப்தான். மூன்று மாதம் கழித்து, அக்கா ஹம்னாவின் கணவர் அஸ்மத், "உன் காரைப் பாத்துத்தான்டா எனக்கு ஆசை வந்துச்சு" என்று அதையே வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

பாசிர் ரிஸ் அடுக்குமாடிக் கார் பார்க்கின் நாலாவது தளத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். போகிறவர்கள் போட்டோ எடுப்பது அஸ்மத்தின் காரை மட்டும்தான். ஸைஃபின் கார் கம்பெனி போட்டுக் கொடுத்த பதினாறு அங்குலச் சக்கரத்தோடு, உயரம் குறைந்த பேன்ட் போட்டவன் மாதிரி நின்றது. அஸ்மத்தின் காரிலோ மெல்லிய கம்பிகள் விளிம்பு வரைக்கும் ஓடும் கரும்சாம்பல் சக்கரங்கள். ஐயோ, என்ன அழகு! பார்த்தவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். ஸைஃப் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணனை 'நானா' என்று கூப்பிடும் தங்கை முஸ்கானின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்த அன்று அடி நேராக நெஞ்சில் விழுந்தது.

"ஹாலுக்கு நான் அஸ்மத் மச்சான் கார்லதான் போவேன்."

"ஏன், என் கார்ல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல நானா. போட்டோல மச்சான் கார் டயர்தான் கெத்தா தெரியும்லா."

"நானும் மாத்திட்டா?"

"மாத்து. உன் கார்லயே வரேன். ப்ராமிஸ்."

கூடப் பிறந்தவளைக் கொண்டுபோய் இறக்குவதற்கு இன்னொருத்தர் கார்! அந்த வாரமே ஜாலான் புசாரில் டயர் கடை வைத்திருக்கும் நண்பன் கேசவனிடம் போனான்.

"மச்சானோடது என்ன சைஸ்?" என்றான் கேசவன்.

"பதினெட்டு. பாத்தாலே தெரியுதே."

"பாத்தா எப்படிடா தெரியும்? டயர் ஓரத்துல நம்பர் இருக்குமே, குனிஞ்சு படிக்கலையா?"

படிக்கவில்லை. குனிகிற நேரம் பார்த்து அஸ்மத் வந்துவிட்டால்? ஒருமுறை ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனியப் போனான். காலில் செருப்பு.

"பதினெட்டுன்னா ரப்பர் ஒல்லியா இருக்கணும். அப்பத்தான் மொத்த உயரம் மாறாது" என்றான் கேசவன்.

"ஒல்லி வேணாம். மட்கார்டு நெறையணும். நல்லா அகலமாப் போடு."

"வெளிய நீட்டினா இன்ஸ்பெக்‌ஷன்ல விடமாட்டாங்க. உள்ள தள்ளித்தான் போடணும். ஒண்ணு கேளு, பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் பாரு. அப்புறமா தங்கச்சிய ஏத்து."

"சரி, சரி."

அகலமான பதினெட்டையே மாட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது? வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் விஷயம் மச்சான் காதுக்குப் போய்விடும். தனியாகவே ஓட்டிப் பார்த்தான். ராம்ப்பில் நாலு மாடி ஏறியும் சின்னச் சத்தம்கூட இல்லை. மச்சான் காரை ஒட்டி நிறுத்திவிட்டு, தூரத்தில் போய் நின்று பார்த்தான். தன் கார்தான் அழகு. எட்டு மாதத்தில் முதல் தடவையாக!

நிக்காஹ் அன்று முஸ்கான் பட்டும் நகையுமாக ஏறினாள். மச்சானும் அக்காவும் பின்னால் தங்கள் காரில். இறக்கத்தில் பிரேக்கை மிதித்து முதல் வளைவு திரும்பியதுமே முன்சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் நானா?"

"ஒண்ணுமில்ல. புது டயர்."

அடுத்த வளைவில் ரப்பர் கருகிய வாசனையே வந்துவிட்டது.

"நிக்காஹ் அன்னிக்கு டயர் வெடிச்சு நடுரோட்டுல நிக்கணுமா நானு? நிறுத்து நானா!"

மூன்றாவது தளத்தில் ஓரங்கட்டினான். அஸ்மத் இறங்கி வந்து, கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் தரையில் உட்கார்ந்து டயரைப் பார்த்தார்.

"உள்ள உரசுதுடா. எனக்கும் இதே கதைதான். முதல்ல பதினெட்டு போட்டேன், இதே ராம்ப்ல உரசிச்சு. பதினேழுக்கு மாத்திட்டேன்."

"உங்களோடது பதினேழா?"

"ஆமா. கம்பி விளிம்பு வரைக்கும் போகுதுல்ல, அதான் பெருசாத் தெரியுது."

"சொல்லவே இல்லையே மச்சான்."

"நீ எங்கடா கேட்ட?"

கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். "இவ உன்கூட வரணும்னுதானே பேச்சு? என் காரை எடுத்துட்டுப் போ. நானும் ஹம்னாவும் டாக்சில வரோம்."

கரித்துக் கொட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அதே ஸ்டியரிங், அதே சீட். வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வேகத்தடையில்கூட ஒரு முனகல் இல்லை. எங்கேயாவது, கொஞ்சமாவது உரசாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான்.

"எவ்ளோ ஸ்மூத்தா போகுது பாத்தியா?" என்றாள் முஸ்கான்.

"ம்."

ஹால் வாசலில் கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு சூழ்ந்தது. பெரியம்மா மகன் ரவூப் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தான்.

"டேய் ஸைஃப், டயர் சூப்பர்லா! எப்ப மாத்தின?"

"மச்சானோடது" என்றான் ஸைஃப்.

"என்ன?"

சொன்னது ரவூபுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.