நாடகாசிரியருக்கு விழா, நாடகத்துக்கு இடமில்லை

சென்ற ஞாயிறு பிற்பகல், மட்டக்களப்பில் ஒரு நினைவு விழா. மேடையிலேயே எனக்கும் ஆசனம் தந்திருந்தார்கள். மேடையேற இக்காலத்தில் நரைத்த தலை போதும்... வேறு தகுதியை யார் கேட்கிறார்கள்?

நினைவுகூரப்பட்டவர் வவுணதீவு வேலாப்போடியார். கூத்துக் களரியில் பெண் வேடமிட்டு ஆடத் தொடங்கியவர். பின்னர் மேடை நாடகங்கள் எழுதி, அவற்றில் தாமே அரசனாகவும் கள்வனாகவும் நடித்தவர். இலங்கைத் தமிழ்ப் படங்கள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு படத்துக்கு முழு வசனமும் எழுதினார், நடிக்கவும் செய்தார். இடைவேளைக்கு முன்பே அவருடைய பாத்திரம் இறந்துவிடும்.

"வசனம் எழுதினவனையே கதைக்க விடாமச் சாகடிச்சுப்போட்டானுகள் தம்பி!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். படம் முடிந்து கொழும்பிலிருந்து திரும்பியவர், இறுதிவரை நாடகத்தைத் தவிர வேறெதையும் எழுதவில்லை.

விழாப் பதாகையில் என்ன இருந்தது தெரியுமா? 'திரையுலக விடிவெள்ளி!' நாடகம் என்ற சொல்லுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

அவர் எழுதி, அவர் மறைந்தபின் ஒருமுறைகூட மேடையேறாத நாடகமொன்றை அவருடைய மகள் கமலா தயாரித்திருந்தார். நடிகர்கள் பனிச்சங்கேணி மீனவர்கள். நான்கு மணிக்கு நாடகம் என்று சொல்லி அழைக்கப்பட்டவர்கள். ஆறு மணிக்கு அவர்களுக்குக் கடைசி பஸ். அதைத் தவறவிட்டால் அன்றிரவு தோணி இறங்காது. மறுநாள் உலை ஏறாது.

நான்கரைக்கு அரசியல் பிரமுகர் வந்தார். பொன்னாடைப் படலம் தொடங்கியது. எங்கள் ஊரில் இதற்கொரு முறை உண்டு — போர்த்தியவருக்குத் திரும்பப் போர்த்தாவிட்டால் அது மனத்தாங்கலாகிவிடும். ஆகவே மேடையிலிருந்த அனைவரும் ஒருவரையொருவர் போர்த்திக்கொண்டோம். பங்குனி வெயிலில்! இறந்தவரின் படத்துக்குத்தான் துணி போதவில்லை.

கமலா மேடையோரம் வந்தார்.

"ஐயா, நாடகம் எப்ப? வேஷம் கட்டின ஆக்கள் வேர்த்து வழிஞ்சு நிக்காங்க."

"பொறு புள்ள, எம்பி ஐயா கதைச்சு முடியட்டும்" என்றார் விழாத் தலைவர். "நாடகத்தை இன்னொரு நாளைக்குப் போடலாம்தானே?"

"இன்னொரு நாளைக்குக் கதைக்கலாம்தானே ஐயா?"

பிரமுகர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வேலாப்போடியார் அந்தப் படத்தில் கதாநாயகனாக நடித்துப் புகழ்பெற்றாராம். தம் தந்தையார் சொல்லக் கேட்டாராம். உரையை எழுதிக் கொடுத்தவரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, வாசித்தவரும் பார்க்கவில்லை.

அரச வேடமிட்டிருந்த மீனவர் கமலாவிடம் திரும்பினார். "வாங்க கா, வெளியில மரத்துக்குக் கீழ ஆடுவம். அரை மணித்தியால நாடகம்தானே? மறுகா பஸ்ஸைப் பிடிச்சிரலாம்."

முற்றத்தில் மத்தளம் முழங்கியது. முதலில் பின்வரிசை எழுந்தது... பிறகு நடுவரிசை. நான் பொன்னாடையை மடித்து ஆசனத்தில் வைத்தேன்.

"ஐயா, உங்கட உரை இருக்கே!" தலைவர் என் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும்" என்றேன். ஒருவர் பேசும்போது எழுந்து போவது நாகரிகமன்று என்று கல்லூரியில் கற்றவன் நான். அன்றுதான் அந்தப் பாடத்தை மீறினேன்; வருத்தமில்லை.

மரத்தடியில் கமலா நாடகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரிடத்தில் சனம் வாய்விட்டுச் சிரித்தபோது, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கலைஞனைக் கௌரவிக்கத் துடிக்கும் பெரியோரே... முதலில் அவனுடைய மேடையை விட்டு இறங்குங்கள்!