கண்ணாடிக்கோல் வாத்தியார்

பாக்கியசீலன் வாத்தியாருக்குப் பையன்கள் வைத்த பெயர் கண்ணாடிக்கோல். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், முதல் பாரம் தொடங்கி மூன்றாம் பாரம் வரை, அதாவது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அவர்தான் சயன்ஸ். நெட்டையான, ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு வரப்பில் வருவதைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை.

பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் பயிற்சிக்குப் படித்தபோது, ஒரு பங்குனி மத்தியானம், அங்கிருந்த ஆசிரியர் ஒரு கண்ணாடிக்கோலைப் பட்டுத் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். துணுக்குகள் துள்ளி எழுந்து கோலில் ஒட்டிக்கொண்டன. பாக்கியசீலன் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். பனையேறியின் மகனாகப் பிறந்து, வேதபாடத்தையும் வாய்பாட்டையும் ஒப்பித்தே வளர்ந்தவர். யாரும் சொல்லித் தராத ஒன்றைத் தன் கண்ணாலேயே கண்டது அன்றுதான். பயிற்சி முடிந்ததும் கெஞ்சிக் கேட்டு அந்தக் கோலையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் வகுப்பில் ஒரே சட்டம்தான். புத்தகத்தை மூடிவிட்டு, கண்டதைச் சொல்ல வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் அணைந்துபோகும் என்பது பாடம். ஒரு தடவை மூடினார்; தீபம் எரிந்துகொண்டே இருந்தது. வகுப்பு முழுக்க அணைந்துவிட்டது என்று கூவியது. பத்தமடையில் பாய் நெய்பவரின் மகன் காஜா முகைதீன் மட்டும் எழுந்து, "அணையல சார். குவளை வாய் ஒடஞ்சிருக்கு. அங்கன காத்து போவுது" என்றான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் இதை மனைவி சாலோமியிடம் சொன்ன விதத்தைப் பார்த்தால் வீட்டில் பேரன் பிறந்த மாதிரி இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம குவளையையா கொண்டுபோயி ஒடச்சிய?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் மற்றப் பையன்களும் பையப் பைய அந்தப் பழக்கத்துக்கு வந்தார்கள். கண்டதைச் சொன்னார்கள், காணாததைக் காணவில்லை என்றார்கள். அவர்கள் மூன்றாம் பாரத்துக்கு வந்தபோதுதான் தலைமையாசிரியர் வேதநாயகம் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை சயன்ஸ் சரியில்லை என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எழுதினால், மூன்று பாரங்களையும் எடுத்துவிட்டு இதைச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடமாக்கி விடுவதென்று மேலிடத்தில் முடிவு. பையன்களில் பாதிப் பேருக்கு அத்தோடு படிப்பு முடிந்துவிடும். பாக்கியசீலனுக்கும் அங்கே வேலை இருக்காது. வழக்கமாக மாசியில் வருகிற இன்ஸ்பெக்டர் இந்த வருஷம் கார்த்திகையில் வருகிறார்.

"அவருக்கு ஒப்பிச்சா பிடிக்காதாம் வே. செஞ்சு காட்டணுமாம். உம்ம கோலைக் காட்டுவீருன்னு எழுதிப் போட்டுட்டேன்" என்றார் வேதநாயகம்.

மழைக்காலத்தில் அது நடக்காது, காற்றில் ஈரம் இருந்தால் தேய்த்து வந்த மின்சக்தி கோலில் நிற்காது, வேறு ஏதாவது காட்டுகிறேன் என்று பாக்கியசீலன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எழுதிப் போட்டது போட்டதுதான் என்றுவிட்டார் தலைமையாசிரியர்.

அந்தக் கார்த்திகையில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வீட்டில் உப்பு நீர்த்துப் போயிருந்தது. துவைத்த துணி காயவில்லை. சாலோமி அடுப்புத் தணலுக்கு மேலே ஈரத்துணிகளோடு கோலையும் காய வைத்தாள். அவருடைய பழைய பட்டுத்துணி நைந்து போயிருந்ததால், பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கூறைப்பட்டை எடுத்து, உடுத்தினால் வெளியே தெரியாத உள்தலைப்பில் ஒரு துண்டு கிழித்தாள். அவர் பதறிப் போனார்.

"செத்தா போத்துறதுக்குன்னு வச்சிருக்கேன். ஒரு துண்டு கொறஞ்சா ஆண்டவர் திருப்பியா அனுப்பிருவாரு? அது கெடக்கட்டும், காயிதம் பறக்கலன்னா என்ன செய்விய?"

"பறக்கலன்னு சொல்லுவேன். காத்துல ஈரம் இருக்குன்னு சொல்லுவேன். அதுவும் பாடந்தான்."

"அப்படியே சொல்லுங்க" என்றாள் சாலோமி. ஆனால் பெட்டியை மூடும்போது அவள் முகம் சரியாக இல்லை.

இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் சேறு படிந்த பூட்சோடு வந்து, ஒழுகாத மூலையில் மேசையைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். அதுவரை பார்த்த மற்ற வகுப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டே, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார். பாக்கியசீலன் கோலைப் பட்டில் தேய்த்துக் காகிதத்தின் மேல் பிடித்தார். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் தேய்த்தார். கை வியர்த்து, பட்டும் நசநசத்தது. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பையன்கள் முதலில் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

எழுதுவதை நிறுத்தாமலே இன்ஸ்பெக்டர், பிள்ளைகள் என்ன கண்டார்கள் என்று கேட்டார்.

சொல்ல வேண்டிய வாக்கியம் பாக்கியசீலன் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் காஜா முகைதீன் எழுந்துவிட்டான். பட்டினால் தேய்க்கப்பட்ட கண்ணாடிக்கோல் காகிதத் துணுக்குகளைத் தன்னிடம் இழுக்கக் கண்டோம் என்று, புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். பின்னாலேயே வகுப்பு முழுக்க ஒரே குரலில் அதைச் சொன்னது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

வாத்தியார் நாக்கில் இருந்த வாக்கியம் அங்கேயே இருந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் காஜா முகைதீனை நிறுத்தினார்.

"ஏலே, காயிதம் அசைஞ்சுதா?"

"இல்ல சார்."

"பொறவு ஏம்ல அப்படிச் சொன்ன?"

அவன் காலால் சேற்றைத் தள்ளினான். "பாரத்த மூடிட்டா எங்க வாப்பா என்னயத் தறியில உக்கார வச்சிருவாக. நீங்களும் போயிருவிய. அதான் சொன்னேன்." பிறகு அவர் முகத்தை ஏறிட்டு, "நீங்களும் சும்மாதான சார் இருந்திய?" என்றான். குற்றம் சொல்லவில்லை, துணைக்குச் சேர்த்துக்கொண்டான்.

அடிப்பதா, தட்டிக்கொடுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. போகச் சொல்லிவிட்டார்.

பாரங்கள் மூன்றும் நிலைத்தன. பிள்ளைகளின் உற்று நோக்கும் பழக்கம் மெச்சத் தக்கது என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்ததை வேதநாயகம் எல்லார் முன்னாலும் இரண்டு தடவை வாசித்தார். பாக்கியசீலன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அதற்கப்புறம் அவர் என்ன செய்து காட்டினாலும், பையன்கள் மேசையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வாயைப் பார்த்தார்கள். ஒருவன் வெளிப்படையாகவே கேட்டான், "என்ன சொல்லணும் சார்?" என்று. கண்டதைச் சொல்லுலே என்றார். அவன் சிரித்தான். பக்கத்துப் பையன் அவன் இடுப்பில் கிள்ளினான்.

பங்குனி வந்தது. வயல் வெடித்து, காற்று உலர்ந்து, தலைமயிர் சீப்போடு எழும்புகிற நாட்கள். ஒரு மத்தியானம் அவர் கோலையும் கூறைத்துண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் பாரத்துக்குப் போனார். ஒரே ஒரு தேய்ப்புத்தான். துணுக்குகள் பாளையங்கோட்டையில் எழுந்தது போலவே துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன. ஒன்று ஒட்டியபடியே நடுங்கியது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் பெஞ்சை விட்டு எழவில்லை. காஜா முகைதீன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து அதே வாக்கியத்தை அதே ராகத்தில் சொன்னான். மற்றவர்களும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பட்டுத்துண்டை மடித்து சாலோமியிடம் கொடுத்தார். பறந்ததா என்று அவள் கேட்டாள். பறந்தது என்றார்.

"பயலுவ என்ன சொன்னானுவ?"

"அன்னைக்குச் சொன்னதத்தான்."

அவள் துண்டைப் பெட்டியில் கூறைக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிட வாங்க என்றாள்.