“நாளைக்கு வா” என்று எழுதி வைத்த ஊரை விற்ற கதை

ஊரை விற்கிற தொழில் ஒன்று இருக்கிறது. பத்திரம், பட்டா எதுவும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். “எங்க ஊருக்கு வாங்க, வாங்க” என்று உலகத்தையே கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வந்தவர் திட்டினால் வாங்கிக்கொண்டு, “மறுபடியும் வாங்க” என்று சிரிக்க வேண்டும். தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நான் பார்த்தது இந்த உத்தியோகம்தான். சிரித்துச் சிரித்தே தாடை வலி கண்ட கவுன்ட்டர் ஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா!

எந்த பஸ் ஏறணும்?

அப்போதெல்லாம் பெங்களூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மைசூருக்கோ ஊட்டிக்கோ போகிற வழியில் வருகிறவர்கள். கவுன்ட்டரில் முதல் கேள்வியே, “மைசூர் பஸ் எங்க நிக்கும்?” என்பதுதான். வயிறு எரியும். லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா என்று மூன்றைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். அதனால் எங்கள் மேலதிகாரி ராவ் சார் ஓர் உத்தரவு போட்டிருந்தார். யார் எதைக் கேட்டாலும் கடைசியில் பெங்களூர் கிளைமேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். மூன்று விரலோடு நின்றுவிட்டது. “அப்புறம்?” என்றார். “அப்புறம் எங்க ஊர் கிளைமேட் ரொம்ப விசேஷம் சார்” என்றேன். அவர் மனைவி உடனே பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்: “அதுக்கு எந்த பஸ் ஏறணும்மா? உள்ள போக டிக்கெட் உண்டா?”

முறுக்கு விஷயம்

ஆட்களை ஒவ்வொருவராகப் பிடிப்பதைவிடக் கும்பலாகப் பிடிப்பதே மேல் என்று ராவ் சாருக்குத் தோன்றியது. டாக்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகள் என்று எல்லாரும் வருஷா வருஷம் எங்கேயாவது கூடுகிறார்களே, நம் ஊரில் கூடினால் என்ன? அதற்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கினார். பிரிவு என்றால் நானும் முனிசாமியும். முனிசாமி அல்சூர்க்காரன். வேன் ஓட்டுவான், ஊர் சுற்றிக் காட்டுவான், வாயைத் திறந்தால் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒன்றாக வந்து விழும். நிரந்தர வேலை இல்லை, தினக்கூலிதான்.

ஒரு வருஷம் ஓடியும் ஒரு கூட்டமும் சிக்கவில்லை. மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பேச்சில் இருக்கும் பல் டாக்டர்கள் மாநாடாவது வந்தாக வேண்டும், இல்லையென்றால் பிரிவுக்குப் பூட்டு. எனக்கு ஒன்றுமில்லை, மறுபடி கவுன்ட்டரில் உட்கார்ந்து கிளைமேட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன். முனிசாமியின் பாடுதான் திண்டாட்டம். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் “மாப்பிள்ளை டூரிசத்துல இருக்காரு” என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

டாக்டர்களுக்குச் சாப்பாடு போட அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டுப் போனோம். “மாநாட்டுக்கு வேணும்” என்று நான் சொன்னதுதான் தாமதம், மண்டபத்துக்காரர் கதவைச் சாத்தப் போனார். “கட்சிக்காரங்களுக்குத் தர்றதில்லம்மா, போன தடவ அண்டாவையே தூக்கினு பூட்டாங்கோ!” கட்சி இல்லை ஐயா, பல் டாக்டர்கள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. அவர் சற்று யோசித்தார். பிறகு என் காதருகே குனிந்து கேட்டார்: “பல் டாக்டருங்கன்னா, டிபனுக்கு முறுக்கு போடலாமா, கோச்சுக்குவாங்களா?”

படிக்கத் தெரிந்த பேய்

அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு பேய் புறப்பட்டது. ராத்திரியில் கதவைத் தட்டி, வீட்டு மனுஷர் குரலிலேயே கூப்பிடுமாம். திறந்தால் ஆள் காலி. அதற்கு ஜனங்களே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார்கள். கதவில் கன்னடத்தில் “நாளே பா” என்று எழுதி வைப்பது. நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்து மறுபடியும் படிக்கும். நான் பகலெல்லாம் வாங்க வாங்க என்று கத்துகிற ஊரில் வீட்டுக்கு வீடு நாளைக்கு வா!

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கதவும் தப்பவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற என் மாமியார், ஜெபத்தை முடித்த கையோடு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டிருந்தார். “தமிழ்லயே எழுதக் கூடாதா அத்தை?” என்று கிண்டலாகக் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “நல்லா சொன்னே போ! அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியாம உள்ள வந்துட்டா, நீயா பதில் சொல்லுவே?”

ஒரு வீடு விடாமல்

பல் டாக்டர்கள் சார்பில் ஊரைப் பார்க்க வந்தவர் டாக்டர் சென்னியப்பன். கோயம்புத்தூர்க்காரர். கோயம்புத்தூர்க்காரரிடம் போய் ராவ் சார் கிளைமேட் பெருமை பேசினார்! ஏப்ரல் மாதம் வேறு. டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “எங்கூர்லயும் இதே காத்துதானுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போதாக்குறைக்கு அவர் அடுத்துப் பார்க்கப்போகிற ஊர் கொச்சி. அங்கே கடல் இருக்கிறது, படகு இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது, முனிசாமியின் வேன்தான்.

மண்டபத்துக்குப் போகிற மெயின் ரோட்டை அன்றைக்கென்று தோண்டிப் போட்டிருந்தார்கள். முனிசாமி வேனைச் சந்துக்குள் விட்டான். கதவுக்குக் கதவு வெள்ளை எழுத்து. “ஏனுங் தம்பி, ஒரு ஊடு உடாம என்னமோ எழுதியிருக்குதே?” என்றார் டாக்டர். நான் பதறிப்போய் முனிசாமியைப் பார்த்தேன். பேய் உலாவுகிற ஊர் என்று தெரிந்தால் யார் கூட்டம் போடுவார்கள்? முனிசாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “நல்வரவு சார். நீங்கோ வரீங்கன்னு கேள்விப்பட்டு ஜனங்களே எழுதிட்டாங்கோ” என்றான். பாவி, அதோடு நிறுத்தியிருக்கலாம், “நம்ம ஜனங்க அப்டி சார்” என்று வேறு சேர்த்தான். டாக்டர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “அடடே, கக்கூஸ் கதவுலகூட நல்வரவு எழுதியிருக்குதுங்களே!”

போன் வந்தது

அதன் பிறகு நாளாகியும் பதில் இல்லை. கொச்சியில் படகுச் சவாரி பிரமாதம் என்று காதில் விழுந்தது. முனிசாமி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைப்பான். “பேஜார் பண்ணிக்காதக்கா” என்று எனக்குத்தான் ஆறுதல் சொல்வான்.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. டாக்டர்தான். “அம்மிணி, உங்க ஊட்டுலயும் நல்வரவு எழுதி வெச்சிருக்கீங்களா?” என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது ஆட்டோக்காரரிடம் விசாரித்தாராம், அவர் பேயின் கதை முழுவதையும் சொல்லிவிட்டாராம். நான் தடுமாறிப்போய், முனிசாமியின் கூலி, கல்யாணம், பெண் வீட்டுப் பெருமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கடைசியில் அழுகையும் வந்துவிட்டது.

“அளுவாதீங்க. எங்கூர்ல பேய் வந்தா வெளக்குமாத்தத்தான் எடுப்போமுங்க. பேயிக்கே ‘போ’ன்னு சொல்ல வாய் வராம, நாளைக்கு வான்னு எழுதி வெக்கிற ஊரு எங்களையா தொரத்தீரும்? மாநாட்ட அங்கயே வெச்சுக்கலாமுன்னு முடிவு பண்ணிட்டமுங்க” என்றார். எதிரில் நின்ற முனிசாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சந்தோஷத்தில் வாய்க்கு வந்தபடி, “சார், டிபனுக்கு முறுக்கு போடலாமா?” என்று கேட்டுவிட்டேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “தாராளமாப் போடுங்க அம்மிணி, நல்லாக் கெட்டியாப் போடுங்க. எங்களுக்கும் தொழில் நடக்கோணுமல்லங்க!”

அந்த மாநாடும் முனிசாமியின் கல்யாணமும் அதே மண்டபத்தில் சிறப்பாக நடந்தன என்பதையும், பேயை அனுப்ப எழுதியதைக் காட்டி விருந்தாளியைப் பிடித்த ஒரே சுற்றுலா அலுவலகம் எங்களுடையதுதான் என்பதையும், சொன்ன பேச்சைக் கேட்டு மறுநாள் ஒழுங்காகத் திரும்பி வருகிற ஒரே டூரிஸ்ட் அந்தப் பேய்தான் என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.