கமிட்டிச் செயலாளரின் மிளகளவு அபின்

காரைக்காலில் போதை ஒழிப்புக்கென்று ஒரு கமிட்டி இருந்ததும், அதற்கு மூன்று வருஷம் நான் செயலாளராக இருந்ததும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த மூன்று வருஷமும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மிளகளவு அபின் உருண்டையை நான் விழுங்கிவந்தது அவ்வளவு பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவர் ஊரறிந்த குடிகாரர். அவர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பம் கௌரவமானதுதான். வயிற்றுக் கடுப்பு. ஒரு வைத்தியர் மூன்று நாளைக்கு மூன்று உருண்டை கொடுத்தார். கடுப்பு மூன்றாம் நாளே போய்விட்டது, உருண்டை போகவில்லை. அப்போது ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. லைசென்ஸ் கடையில் அபின் கிடைக்கும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். காப்பியோடு ஒன்றை உள்ளே தள்ளினால் அரை மணியில் உலகத்தின் மேல் ஒரு பட்டுத் துணி போர்த்தியதுபோல் இருக்கும். மேரி என்று நாங்கள் சொல்லும் முனிசிபல் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அந்த வேலைக்கு அந்தப் போர்வை மிகவும் தோதாக இருந்தது. மனுக் கொடுக்க வருபவர்களிடம் கண்ணை முக்கால் மூடிக்கொண்டு "நாளைக்கு வாய்யா" என்பேன். என்ன பொறுமை, என்ன நிதானம் என்று மேலதிகாரியே மெச்சியிருக்கிறார்.

கமிட்டி பிறந்ததற்குக் காரணம் எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே மதுவிலக்கு, இங்கே மதுக்கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வாஞ்சூர் எல்லைச் சாவடியைத் தாண்டி நடந்து வந்து, திரும்பும்போது நடக்க முடியாமல் கிடக்கும். ஊர் மானம் போகிறது என்று பெரிய மனிதர்கள் கூடினார்கள். அரிசி ஆலை முதலாளி தலைவரானார். கப்பல் சரக்கு வியாபாரம் செய்த பாய் பொருளாளரானார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காக என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள்.

முதல் கூட்டத்தில் போதை என்றால் என்ன என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"மொதல்ல அத எழுதிக்குங்க தம்பி," என்றார் தலைவர், மூக்கில் ஒரு சிட்டிகைப் பொடியை ஏற்றிக்கொண்டே.

'புத்தியை மயக்கும் பொருள்கள் எல்லாம்' என்று எழுதி வாசித்தேன்.

"எல்லாம்னு போடாதீங்க. பொடி புத்திய மயக்காது, தெளிய வைக்கும். அத விட்டுருங்க."

"அப்புடிப் பாத்தா பொகையிலையும்தானே மொதலாளி?" என்றார் பொருளாளர். "எங்க வாப்பா காலத்துலேர்ந்து போடுறோம். பல்லுக்கு அவ்வளவு நல்லது." அவர் வாயில் மிச்சம் இருந்தவை நான்கு பற்கள்.

"சரி, குடிக்கிறதுன்னு போட்டுருவோம்."

"காப்பியும் குடிக்கிறதுதானேங்க?" என்றேன் நான். செயலாளர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டுமே.

"கடையில ஒக்காந்து குடிக்கிறது."

"காப்பிக் கடையில நாம எல்லாரும் ஒக்காருறோமே, மொதலாளி."

தலைவர் இரண்டு தும்மல் போட்டு யோசித்தார். "குடிச்சிட்டுச் சத்தம் போடுறதுன்னு எழுதுங்க."

"மவுலூது ஓதுறதுக்கும் பஜனைக்கும் சத்தம் வரும். அத வேற யாராச்சும் தப்பா எடுத்துக்கப் போறாங்க," என்று பாய் எச்சரித்தார்.

ஒரு பொழுது முழுக்க வெட்டியும் ஒட்டியும் கடைசியில் தீர்மானம் இப்படி நிறைவேறியது: 'பொது இடத்தில் கள் அல்லது சாராயம் அருந்தி, வேட்டி நழுவிய நிலையில் கூச்சலிடுவோர்.' இவ்வளவு பெரிய வலையை வீசி நாங்கள் பிடித்தது ஒரே ஒரு உள்ளூர்க்காரரை. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூறுபவர். சாராயத்தில் குரல் கரகரத்துப்போன, என் வயசு மனிதர். எனக்கும் அவரைத் தெரியும். மகள் கல்யாணத்தைப் பதிய அவள் பிறப்பு அத்தாட்சி வேண்டும் என்று மாதக்கணக்கில் என் மேஜைக்கு நடந்துகொண்டிருந்தார். நானும் நிதானமாக நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் உருண்டைக்கோ சத்தம் கிடையாது. வேட்டியும் நழுவாது. தீர்மானத்தின்படி நான் உத்தமன்.

பிறகு கொடி இறங்கி வேறு கொடி ஏறியது. கொஞ்ச நாளில் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் அபின் வேண்டுமென்றால், அதில்லாமல் முடியாதவர் என்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மாதக் கடைசிவரை தவணை. விண்ணப்பப் பாரத்தில் டாக்டர் ஒப்பமும் வேண்டும். பொய்யாக யாரும் பதிந்துவிடக் கூடாதே என்று, ஊர்ப் போதை ஒழிப்புக் கமிட்டியின் செயலாளர் ஒப்பமும் வேண்டும்.

அதாவது என் ஒப்பம்.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை உருவி, என் பெயரையே எழுதினேன். கீழே சான்றும் எழுதினேன், முத்து முத்தாக. 'மேற்படியாரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். இப்பொருள் இன்றி ஒரு நாளும் கழிக்க இயலாதவர்.' ஒப்பமிட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. போட்டால் உருண்டை வரும், ஆயுள் முழுக்க வரும். கூடவே, பதிவேடு பக்கத்து மேஜைக்காரரிடம் இருக்கும். அவரிடம் இருப்பது மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் இருக்கும். அங்கிருந்து என் வீட்டு அடுக்களைக்கு எவ்வளவு தூரம்? போடாவிட்டால் உருண்டை இல்லை. பேனாவை மூடி, பாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையிருப்பில் இருந்த உருண்டைகள் என் யோசனை முடியும்வரை காத்திருக்கவில்லை.

தீர்ந்த மறுநாள் சாயங்காலம் காரைக்கால்மேட்டில் பொதுக்கூட்டம். ஏலத் திடலில் மேஜை போட்டு என்னை ஏற்றிவிட்டார்கள். காலையிலிருந்தே கொட்டாவி. மேடை ஏறியதும் மூக்கு ஒழுகியது. "சகோதரர்களே" என்று ஆரம்பித்ததும் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. துண்டால் துடைத்தேன், மேலும் இறங்கியது. குரல் நடுங்கியது, உடம்பு சிலிர்த்தது. நான் பேசியதில் ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. ஆனால் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மீன் கூடைக்காரப் பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றினார்கள். "நமக்காக ஒரு மனுசன் இப்புடி அழுவுறாரே" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. தலைவர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் பேச்சுகளிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஏலக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சாராய வாடை.

"ஐயாவுக்குக் கொட்டாவி காலையிலேர்ந்தா, மத்தியானத்துலேர்ந்தா?"

"என்னய்யா கேள்வி இது?"

"கையில மயிரு குத்திட்டு நிக்கிது பாருங்க. கெண்டக்காலு இழுக்குமே? பினாங்குக்குத் தோணியில போனப்ப எங்ககூட ஒருத்தன் இப்புடித்தான் கெடந்தான். ஒரு நாளைக்கு எத்தன உருண்டை?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ரெண்டு."

"மெளகா, உளுந்தா?"

"மெளகு."

"அழுதப்ப எங்களுக்காவன்னுல்ல நெனச்சேன்," என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சட்டைப் பையில் இருந்த பாரத்தைக் காட்டினேன். ஊரில் வேறு யாரிடமும் காட்டியிருக்க முடியாது. குடிகாரர் என்று நானே தீர்மானம் எழுதிவைத்தவரிடம் கூச்சப்பட எனக்கு என்ன மிச்சம் இருந்தது? முதல் காரியமாக அவர் என்னை ஆஸ்பத்திரி டாக்டரிடம் இழுத்துப்போய் ஒளிக்காமல் சொல்ல வைத்தார். உயிருக்கு ஒன்றும் வராது, ஆனால் நாலைந்து நாள் உயிர் போகிறமாதிரி இருக்கும் என்று டாக்டர் சொல்லி, வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். வெளியே வந்ததும் ஏலக்காரர் கையை நீட்டினார்.

"அந்தக் காயிதத்த எங்கிட்டக் குடுத்துவைங்க. எப்ப வேணுமோ மேட்டுக்கு வந்து கேளுங்க, தர்றேன்."

மறுநாள் சாயங்காலமே போய் நின்றேன். உடம்பு முழுக்க யாரோ கயிறு திரிப்பதுபோல் இருந்தது.

"பாரத்தைக் குடுங்க." அவரிடம் 'ங்க' போட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு ஆவாது. நாளைக்கு வாங்க."

"கேட்டா தர்றேன்னீங்களே?"

"பொட்டிச் சாவி வூட்டுல இருக்கு."

அதற்கடுத்த நாள், "பெரியவரு பாத்துட்டுத்தான் குடுக்கணும்" என்றார்.

"எந்தப் பெரியவரு?"

"இன்னிக்கு லீவு. நாளைக்கு வாங்க."

மூன்றாம் நாள் காகிதம் வேறு கட்டோடு கலந்துவிட்டதாம், தேட வேண்டுமாம். ஒவ்வொரு சாக்கும் என்னுடையது. என் மேஜையில் நான் அவருக்குச் சொன்னவை, அதே வரிசையில், அதே முக்கால் கண்ணோடு. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு இழுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு பாரம் எடுத்துக்கொள்ள எனக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. இழுப்பறையில் ஒரு கட்டே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இனிமேல் இல்லவே இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன். நாளைக்கு என்றால் ஒரு மனிதனால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. மேரி ஆபீஸ் அத்தனை காலம் நடந்ததே அந்த ரகசியத்தில்தானே?

உட்கார்ந்தவன் கையில் அவர் வலையையும் ஊசியையும் கொடுத்துவிட்டார். உருண்டை விழுங்கும் நேரம் அது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றார். நான் அடைத்த ஓட்டை வழியாக ஒரு மீன் தன் குடும்பத்தோடு போய்வரலாம். நான் போனபிறகு அவர் அதைப் பிரித்துத் திரும்பப் பின்னுவார் என்று பின்னால் தெரிந்தது.

"ஒங்களால எங் கடைநேரம் போவுது," என்று முணுமுணுப்பார். என்னைக் காவல் காக்கும் அந்தப் பொழுதில் அவரால் சாராயக் கடைக்குப் போக முடியவில்லை. என்னை அனுப்பிவிட்டுப் போவார். ஆனால் முன்புபோல் நாலு மணியிலிருந்து அல்ல. அவர் குடியை விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. பாதியாயிற்று. எங்கள் கமிட்டி மூன்று வருஷத்தில் கால்வாசிகூடச் செய்யவில்லை.

அந்த வாரமே ஆபீசில் அவர் மகளின் பதிவைத் தேடினேன். கால் மணி நேர வேலை. எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

"இன்னிக்கேவா?" என்றார் பயந்துபோய். "நாளைக்கி வரலாம்னுல்ல இருந்தேன்!"

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, குழம்பில் உப்புக் குறைச்சல் என்றேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருசமா உப்பே போடாம வச்சாலும் ஒங்களுக்குத் தெரியாது. தின்னுக்கிட்டு இருக்கயிலயே தாடை நெஞ்சுல இடிக்கும். அந்தக் கறுப்பு உருண்டைய விட்டுட்டீங்களா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"சட்டைய யாரு தொவைக்கிறது?"

"ஏன் கேக்கல?"

"ஒழிப்புக் கமிட்டிக்காரர் வூடுன்னு ஊரே மரியாதையாச் சொல்லுது. அதக் கேட்டு, நானே கெடுத்துக்கணுமா?"

நான் அவளிடம் ஒளித்தேன், அவள் எனக்காக ஊரிடம் ஒளித்தாள். ஒளிப்பதற்கு எங்களுக்கு இவ்வளவு பெரிய காரணத்தைக் கொடுத்ததுதான் அந்தக் கமிட்டியின் ஒரே சேவை.

தவணைக்கு நான்கு நாள் இருக்கும்போது கமிட்டி கூடியது. எழுந்து சொல்லிவிட்டேன். "நான் அபின் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மூணு வருசம். மேட்டுல அழுததுகூட அது இல்லாமத்தான்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் மேஜையைத் தட்டினார். "அடடா! தன்னையே உதாரணமா வச்சுப் பேசுறாரு பாருங்க! இந்த மனசு யாருக்கு வரும்?"

"மாஷா அல்லாஹ்," என்றார் பொருளாளர், கண் கலங்கி.

"உதாரணம் இல்லீங்க, நெசம்."

"அந்த அடக்கம்தான் தம்பி ஒங்ககிட்டப் புடிச்சது."

நடவடிக்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'செயலாளர் உருக்கமாகப் பேசினார்.'

மறுநாள் மத்தியானம் தலைவர் என் வீட்டுக்கே வந்தார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அத்தனை பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடந்து வந்தார். தும்மினார். பொடி டப்பாவை எடுக்கவில்லை, மறுபடியும் தும்மினார். கண்ணில் தண்ணீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொடி போடுகிறவருக்கு மூக்கு ஒழுகினால் ஏன் என்று யார் கேட்பார்கள்?

மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். "ஒங்க கையெழுத்து ஒண்ணு வேணும் தம்பி. மில்லுல ஒரு ஆளுக்கு."

பிரித்தேன். பெயர் அவருடையது.

"நேத்து நீங்க சொன்னது..." என்று இழுத்தார். "உதாரணம்தானே?"

"இல்லீங்க மொதலாளி. மெளகளவு. ரெண்டு வேள."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொடி டப்பாவை எடுத்து, திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு உளுந்தளவு," என்றார் கடைசியில். "மூணு வேள."

காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் கண் என் பையிலேயே இருந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரி டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்," என்றேன்.

"கையெழுத்து?"

"நாளைக்கு வாங்க. சாயங்காலம், மேட்டுக்கு. அங்க ஒருத்தரு வலையும் ஊசியும் தருவாரு. நம்ம தீர்மானத்துல ஒரே ஒருத்தரப் புடிச்சோமே, அவருதான்."